தமிழர் பகுதியின் பழைய வீடுகளை இடிக்க ஓராண்டுக்கு அனுமதி தராதீர்கள்: புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய ஊரைச் சுற்றிவரும் புல்வார்டு சாலைகளுக்குள் அடங்கிய தமிழர் பகுதியிலும், அதற்குத் தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதியைச் சுற்றியுள்ள முஸ்லிம் பகுதியிலும், 1954ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளை இடிப்பதற்கும் அந்த மனைகளில் உயரமான கட்டடங்களை எழுப்புவதற்கும் புதிதாக அனுமதி வழங்குவதை ஓராண்டுக்கு நிறுத்திவைக்குமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன். நிரந்தரத் தடை எதையும் நான் கேட்கவில்லை. இப்பகுதிக்கென்று தெருவாரியான கட்டட விதிகளை நீங்கள் வகுத்து முடிக்கும்போது, அந்த விதிகளால் காக்கப்பட வேண்டிய வீடுகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

புதுவையின் மரபு என்றால் கடற்கரையை ஒட்டிய மஞ்சள் சுவர்களும் பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளும்தான் என்ற எண்ணம் வெளியூர்க்காரர்களிடம் மட்டுமல்லாமல் நம் அலுவலகங்களிலும் பதிந்துவிட்டது. ஆனால் ஊரின் நேர்த்தெருக்கள், இதை டச்சுக்காரர்கள் கையில் வைத்திருந்த 1693 முதல் 1699 வரையிலான காலத்தில் வரையப்பட்ட திட்டத்தை ஒட்டியவை. அந்தத் தெருக்களில் குடியிருந்து ஊரை வளர்த்தவர்கள் வணிகர்களும் நெசவுத் தரகர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பு இடைத்தரகர்களும் கைவினைஞர்களுமான தமிழ்க் குடும்பங்கள். 1761இல் பிரெஞ்சுக்காரரின் கோட்டையையும் குடியிருப்பையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய பிறகும், பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நின்றது, இன்றும் நிற்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை தஞ்சமிருந்த ஊர் இது. அவர் குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாகக் காக்கப்படுகின்றன. அந்த வீடுகளுக்கு இருபுறமும் எதிர்ப்புறமும் இருக்கும் வீடுகளைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

ஏனென்றால் இங்கே தனித்தனி வீட்டைக் காட்டிலும் தெருவே முதன்மையானது. வைசியாள் வீதியில் பகல் நேரத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். மரத்தூண்கள் தாங்கும் சாய்வான ஓட்டுத் தாழ்வாரம் ஒரு வீட்டு வாசலில் தொடங்கி அடுத்தடுத்த வாசல்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. வழிப்போக்கருக்கு அது நிழல், வீட்டாருக்கு அது தெருவும் வீடும் சந்திக்கும் இடம். அதன் உள்ளே திண்ணை, திண்ணையைத் தாண்டி வேலைப்பாடு மிக்க கதவு, கதவுக்கு நேரே முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடமும் அறைகளும் என்று மனை நீளமாகப் பின்னோக்கிப் போகிறது. பல வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடாகவும், பின்னாளில் எழுப்பிய மேல்தளம் வளைவுச் சன்னல்களும் சுவரோடு ஒட்டிய தூண்களும் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சுப் பாணியிலும் அமைந்திருக்கின்றன. இரண்டு கட்டட மரபுகள் ஒரே வாசலின் மேல் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்து வாழும் தெருக்கள் வேறு எங்கேனும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வரிசையில் ஒரு வீடு போனால் இழப்பு அந்த மனையோடு நிற்பதில்லை. தாழ்வாரத்தின் தொடர்ச்சி அறுகிறது. புதிய கட்டடம் வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைத் தூண்கள்மேல் விட்டு, அதற்கு மேல் அடுக்குகளை ஏற்றும்போது, பக்கத்து வீட்டு முற்றத்துக்கு வர வேண்டிய வெளிச்சமும் காற்றும் மறைகின்றன. பல இடங்களில் இரண்டு வீடுகளுக்கும் ஒரே பொதுச்சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய அந்தச் சுவரை ஒட்டி ஆழமாக அடித்தளம் தோண்டினால் அடுத்த வீட்டில் விரிசல் விழுகிறது, ஓதம் ஏறுகிறது. பிறகு அந்த வீட்டையும் பழுதடைந்தது என்று சொல்லி இடிப்பதற்கு வழி பிறக்கிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்து வீடுகள் மறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டை இடிக்கும் உரிமையாளர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது நியாயமாகாது. தாத்தா கட்டிய வீடு பாகப்பிரிவினைக்கு வரும்போது பங்காளிகள் பலராக இருக்கிறார்கள். சிலர் பிரான்சில் இருக்கிறார்கள், சிலர் சென்னையில். முற்றத்து வீட்டை அளந்து பிரிக்க முடியாது, மனையின் விலையைத்தான் பிரிக்க முடியும். மெட்ராஸ் தளம் என்ற பழைய பாணி மொட்டைமாடிக் கூரை ஒழுகத் தொடங்கினால், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சாய்வரிசையில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பதித்துத் தட்டோடு போடத் தெரிந்த கொத்தனார் இன்று சிலரே. அவர்களுக்கான கூலியும் கூடியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டைத் தாங்கியவர்கள் தம் சொந்தப் பணத்தில் ஊருக்கு நிழல் தந்தவர்கள். அவர்களுக்கு அரசு திருப்பித் தந்தது மிகக் குறைவு.

நல்ல முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு தெருத்தெருவாகச் சென்று மரபுக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் வைசியாள் வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த, மேரி எனப்படும் பழைய நகர மன்றக் கட்டடத்தை உலக வங்கி நிதியுதவியோடு பழைய தோற்றத்திலேயே அரசு மீண்டும் எழுப்பியது. அதை வரவேற்கிறேன். ஆனால் விழுந்த கட்டடத்தை அச்சு மாறாமல் திருப்பிக் கட்டுவதற்கு எவ்வளவு பொருளும் காலமும் தேவைப்பட்டன என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். வாய்க்காலுக்கு மேற்கே உள்ள ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீடு இடிந்தால் அதை அப்படித் திருப்பிக் கட்ட எந்த வங்கியும் வரப்போவதில்லை.

விதிகளை வகுத்த பிறகு தடுத்தால் போதாதா, இப்போதே ஏன் இடைக்காலத் தடை என்று நீங்கள் கேட்கலாம். விதி வரப்போகிறது என்ற செய்தி பரவிய நாளுக்கும் அது அரசிதழில் வெளியாகும் நாளுக்கும் இடையிலான காலம்தான் பழைய வீடுகளுக்கு மிக ஆபத்தானது. பிறகு முடியாமல் போய்விடும் என்ற அச்சத்தில், இடிக்கும் எண்ணம் இல்லாதவர்கூட முன்கூட்டியே இடித்துவிடுகிறார். விற்பனைத் தரகர்களும் அதைத்தான் அறிவுறுத்துவார்கள். ஆகவே கணக்கெடுப்பைத் தொடங்கும் அன்றைக்கே தடையும் நடைமுறைக்கு வர வேண்டும். கணக்கெடுப்பு முதலிலும் தடை பின்னாலும் வந்தால், நாம் எடுக்கும் பட்டியலே இடிக்க வேண்டியவற்றின் பட்டியலாகிவிடும்.

இது இந்தியாவில் நடக்காத புதுமையும் அல்ல. நம்மைப் போலவே ஒன்றியப் பகுதியான சண்டிகரில், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்த நகரின் முதல் கட்ட செக்டர்களில் உள்ள தனிவீடுகள் அடுக்ககங்களாக மாற்றப்படுவது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 10 அன்று தீர்ப்பளித்தது. குடியிருப்பு அடர்த்தியைக் கூட்டலாமா என்பதை அந்நகரின் மரபுப் பாதுகாப்புக் குழு ஆராய வேண்டும் என்றும், மத்திய அரசு இறுதி முடிவெடுக்கும் வரை மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்தக் கூடாது என்றும், தளங்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்றும், ஒரு வீட்டை மூன்று அடுக்ககங்களாக்கும் வரைபடங்களுக்கு ஒப்புதல் தரக் கூடாது என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. முடிவெடுக்கும் வரை இருப்பதைக் காப்பது என்ற இதே நெறியைத்தான் நானும் கேட்கிறேன். ஒரு குடியிருப்போர் சங்கம் வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை சென்ற பின்புதான் அங்கே அது கிடைத்தது; இங்கே குழுமமே முன்வந்து செய்யலாம்.

இடைக்காலம் என்ற பெயரில் தொடங்கும் தடைகள் முடிவின்றி நீளுவது நம் நாட்டில் மக்களுக்குப் பழகிப்போன துன்பம். அதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டத்தில் ஒரு நல்ல கடிவாளம் இருக்கிறது. அங்கே நகர மன்றம் முதலில் ஓர் ஆய்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றினால்தான் இடைக்காலக் கட்டுப்பாட்டை விதிக்க முடியும். அது ஓராண்டுக்கே செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் இரண்டாண்டுகளைத் தாண்டக் கூடாது. முடிந்த பின் அதே நிலத்தின்மேல் மூன்றாண்டுகளுக்கு மீண்டும் விதிக்கவும் முடியாது. இதே வரம்புகளை உங்கள் ஆணையிலேயே எழுதிவிடுங்கள். அப்போது கெடு உரிமையாளரை மட்டுமல்லாமல் குழுமத்தையும் கட்டும்.

1954 என்ற ஆண்டை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய வீடு எது என்பதைக் குடும்பங்களிடமுள்ள பிரெஞ்சுக் காலப் பத்திரங்களைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம், புதிய பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒழுகும் கூரையைச் சரிசெய்வது, கழிப்பறையும் சமையலறையும் அமைப்பது, மின்கம்பிகளை மாற்றுவது, உட்புறத்தில் வசதிகள் செய்துகொள்வது ஆகிய எதற்கும் இத்தடை பொருந்தக் கூடாது; அவற்றுக்கான அனுமதி இன்னும் எளிதாக வேண்டும். உயிருக்கு ஆபத்தான கட்டடம் என்று விண்ணப்பம் வந்தால், சுண்ணாம்பு, மரக் கட்டுமானம் அறிந்த பொறியாளர் நேரில் பார்த்து 15 நாட்களுக்குள் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். இடித்தே ஆக வேண்டுமென்றால் முகப்பையும் தாழ்வாரத்தையும் அளந்து படமெடுத்த பிறகு இடிக்கட்டும்.

இந்த ஓராண்டில் உரிமையாளருக்கான பக்கமும் முடிவாக வேண்டும். வீட்டைக் காக்கும் ஆண்டுகளுக்குச் சொத்து வரியில் விலக்கு, பழுதுபார்ப்புச் செலவில் அரசின் பங்கு, கட்டாமல் விட்ட தளப்பரப்பை நகரின் வேறு பகுதியில் பயன்படுத்தவோ விற்கவோ உரிமை ஆகியவை இல்லாமல் அழகு விதிகளை மட்டும் சுமத்தினால், வீடுகள் பூட்டிக் கிடந்து மழையில் தாமாகவே விழும். அந்த முடிவை இடிப்பைவிட மேலானதாக நான் கருதவில்லை. விருந்தினர் விடுதிகளைப் பற்றியும் ஓர் அளவு வகுக்க வேண்டும். பழைய வீடு விடுதியானதால் காப்பாற்றப்பட்ட நல்ல எடுத்துக்காட்டுகள் இங்கே உண்டு என்றாலும், ஒரு தெரு முழுவதும் விடுதியாகிவிட்டால் திண்ணையில் உட்கார ஊர்க்காரர் இருக்க மாட்டார்கள்.

ஆணை பிறப்பிப்பதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் கூட்டத்தை அலுவலக நேரத்தில் அலுவலக அரங்கில் வைக்காமல், தமிழர் பகுதிக்குள்ளேயே ஒரு பள்ளியிலோ மண்டபத்திலோ மாலையில், தமிழில் நடத்துங்கள். வரைவு ஆணையை ஒரு மாதம் முன்னதாக ஒவ்வொரு வீதியிலும் ஒட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் எழுத்தில் கருத்து அனுப்பவும் வழி செய்யுங்கள். வரும் மழைக்காலத்துக்கு முன் அந்த வரைவு வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழர் பகுதியில் குடியிருக்கும் ஒரு புதுவைவாசி