லேடி கானிங்குக்கு ஓர் இருக்கை, லூசி வில்ஸுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரலாறு படைத்த பெண்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட சிறப்பிணைப்பை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். வேலு நாச்சியார், ஜான்சி ராணி, மேரி கியூரி, நைட்டிங்கேல், கல்பனா சாவ்லா என்று எல்லோரும் இருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் ஆளுக்கு நான்கு வரி, ஒரு படம், 'முதல் பெண்' என்று ஒரு பட்டம், அவ்வளவோடு முடித்துவிட்டீர்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இடமே இல்லை. நைட்டிங்கேல் கையில் வழக்கம்போல விளக்கு மட்டும்தான் இருக்கிறது. போர்க்கள மருத்துவமனையில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட நோயால் செத்தது அதிகம் என்று கணக்கெடுத்து, படம் வரைந்து, அரசாங்கத்தின் முன்னால் வைத்தவர் அவர். நர்ஸ் வேலை பார்த்த எனக்கு அந்த விளக்கைவிட இந்தக் கணக்குதான் பெரிது.

நான் குன்னூர் வட்டத்தில் தேயிலைத் தோட்டப் பகுதியில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் அம்மா சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து இங்கே வந்து கொழுந்து பறித்தவர். தங்கள் இணைப்பில் இல்லாத ஒரு பெயரைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த மாத்திரைக்கும் அவருக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அவர் பெயர் லூசி வில்ஸ்.

முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்குத் தினம் ஒன்று கொடுப்போம். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்ப காலத்தில் 180 நாள், குழந்தை பிறந்த பிறகும் 180 நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் நீல மாத்திரை, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு. கொடுப்பது சுலபம், விழுங்க வைப்பதுதான் பாடு. "மலம் கறுப்பா போகுது சிஸ்டர்", "குமட்டுது", "இதைத் தின்னா குழந்தை பெருத்து ஆபரேஷன் ஆயிடும்னு மாமியார் சொல்றாங்க". மாத்திரைப் பட்டையைப் பிரிக்காமல் தேயிலைச் செடிக்குள் வீசிவிட்டுப் போனவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை எங்கள் மலையில் டீதான். மாத்திரையோடு டீ குடித்தால் அதில் உள்ள இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. காலையில் கறுப்பு டீ, பத்து மணிக்கு மலைக்கே வந்து சேரும் டீ, சாயங்காலம் எடை போட்டு வந்ததும் டீ என்று வாழ்பவர்களிடம் "ஒரு மணி நேரம் டீ வேண்டாம்" என்றால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டு படுத்துவிடு, முடிந்தால் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றுவிடு என்று வழி சொல்லிக் கொடுத்தால்தான் நடக்கும். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்து கொக்கிப் புழு ஏறியவர்களுக்கு அதற்கான மாத்திரை வேறு.

அந்த மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதைதான் லூசி வில்ஸின் கதை. 1888-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்துத் தேறினார், ஆனால் பட்டம் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க மனம் வைத்தது 1948-இல்தான். பிறகு லண்டனில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920-இல் டாக்டரானார்.

1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் மட்டும் பெருத்துக் கிடக்கும் ஒரு வகைச் சோகை. இரும்புச் சத்துக் குறைவால் வருவதில்லை அது. வில்ஸ் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. யாருக்கு நோய் அதிகம், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். நோய் அதிகம் இருந்தது ஏழை முஸ்லிம் பெண்களிடம். சாப்பாட்டில் சத்து மிகக் குறைந்திருந்ததும் அவர்களுக்குத்தான். அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார், அவற்றுக்கும் சோகை வந்தது. ஆனால் பேன் மூலம் பரவும் ஒரு கிருமி எலிகளில் புகுந்து குழப்பிவிட்டது. அதன் பிறகு குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பழம், வைட்டமின் என்று எதை எதையோ முயன்று, கடைசியில் மார்மைட்டில் வந்து நின்றார்.

மார்மைட் என்றால் பீர் காய்ச்சிய பின் மிஞ்சும் ஈஸ்ட்டில் இருந்து எடுக்கும் கறுப்புக் குழம்பு. தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் வளர்ந்த என் அம்மாவுக்குத் தெரியும், காய்ச்சல்காரருக்கு வெந்நீரில் கரைத்துக் கொடுப்பார்களாம். மலிவான சாமான். அதைக் கொடுத்ததும் குரங்குகளும் தேறின, படுக்கையில் கிடந்த பெண்களும் தேறினார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஈஸ்ட்டுக்குள் இருந்த பொருள் எதுவென்று அப்போது யாருக்கும் தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்றே பல வருடம் அழைத்தார்கள். 1941-இல் வேறு விஞ்ஞானிகள் டன் கணக்கில் கீரையை அரைத்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சாப்பிட்டால், குழந்தை முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குறையையும் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-இல் உறுதியானது. அதைப் பார்க்க வில்ஸ் இல்லை, 1964-இலேயே காலமாகிவிட்டார்.

இதில் குன்னூர் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். 1929-இல் சில மாதங்கள் வில்ஸ் வேலை பார்த்தது எங்கள் ஊர் பாஸ்டியர் நிலையத்தில்தான். சிம்ஸ் பூங்கா பக்கம் இருக்கிறதே, அதே கட்டடம். ராபர்ட் மெக்காரிசன் என்பவர் 1918-இல் அங்கே ஒற்றை அறையில் ஆரம்பித்த உணவு ஆராய்ச்சிதான் பின்னால் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நாட்டின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர் மெக்காரிசன். வளர்ச்சியில் சீக்கியர் சாப்பாட்டு எலி முதலில், மதராஸ் சாப்பாட்டு எலி கடைசியில். (தீட்டிய அரிசியை மட்டும் நம்பினால் அப்படித்தான்.) அந்த நிலையம் வந்ததற்கும் ஒரு பெண்தான் காரணம். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்துபோனார். தென்னிந்தியாவில் அதற்கு வைத்தியமே இல்லை, வடக்கே கசௌலிக்குத்தான் போக வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பேச்சு எழுந்து, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தில் 1907-இல் நிலையம் வந்தது. முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கேதான் தயாரானது.

எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், லேடி கானிங் சீட் எல்லோருக்கும் தெரியும். 1858-இல் குன்னூரில் வந்து தங்கிய வைஸ்ராயின் மனைவி உட்கார்ந்து மலையைப் பார்த்த இடம். நன்றாக ஓவியம் வரைவாராம், மறுக்கவில்லை. கோத்தகிரி கேத்தரின் நீர்வீழ்ச்சி காக்பர்ன் என்ற துரையின் மனைவி பெயரில் இருக்கிறது. அவர்கள் மகள் மார்கரெட் காக்பர்ன்தான் நீலகிரிப் பறவைகளை ஒவ்வொன்றாக வரைந்து குறிப்பெழுதியவர், கோத்தகிரியில் ஆரம்பத்திலேயே தேயிலை போட்டவர்களில் ஒருவர். அவர் பெயரை யார் சொல்கிறார்கள்? படுகர் பெண்களில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, 1962-இல் நீலகிரி எம்.பி. ஆகி டெல்லிக்குப் போன அக்கம்மா தேவியைக்கூட எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மலையில் பெண் பெயர் இருக்கிறது, உட்கார்ந்த இடத்துக்கும் விழுகிற தண்ணீருக்கும்.

கொடைக்கானல்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரில் அங்கே ரோஜா வளர்க்கும் வீரராகவன் தம்பதியர் ஒரு மஞ்சள் ரோஜாவையே உருவாக்கிவிட்டார்கள்.

வெள்ளைக்காரிக்கு என்ன இவ்வளவு பரிந்து பேசுகிறாய் என்று சிலர் கேட்கலாம். என் வீட்டுக்காரரே கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த ஆராய்ச்சி நடந்தது நம் பெண்களின் உடம்பில். ஊசி குத்த விட்டு, ரத்தம் கொடுத்து, யாரோ கொடுத்த கறுப்புக் குழம்பை நம்பி வாயில் போட்டுக்கொண்ட பம்பாய்ப் பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. லூசி வில்ஸைப் பற்றி எழுதினால் அவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ராணிகளைப் பற்றி எழுதும்போது அந்தக் கட்டாயம் வருவதில்லை.

அப்புறம், வேலை இன்னும் முடியவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் நாட்டில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். மாத்திரை தயார், விலையும் இல்லை, விழுங்கத்தான் ஆள் வேண்டும். இந்தக் கதையை நான் கர்ப்பிணிகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இது குன்னூரில் வேலை பார்த்த ஒரு பெண் டாக்டர் கண்டுபிடித்த வழியில் வந்தது, நம்மைப் போன்ற கூலிக்காரப் பெண்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்றால், பட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். எல்லோரும் விழுங்கிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் விழுங்கினார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் அறிவார்கள், மகப்பேறு நிதி 18,000 ரூபாய் அவர் பெயரில் வருவதால். "முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா சிஸ்டர்?" என்பார்கள். 1912-இல் டாக்டராகி, சட்டமன்றத்தில் போராடி, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்பியவர் அவர் என்பது தெரியாது. சரி, பெயராவது வாயில் இருக்கிறது, மீதியைச் சொல்லிக் கொடுக்க அது ஒரு பிடி.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். அடுத்த இணைப்பில் லூசி வில்ஸுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள், செய்த வேலையை விரிவாகப் போடுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி மாணவிகளிடம் கேளுங்கள், பாஸ்டியர் நிலையம் அவர்கள் ஊரிலேயே இருக்கிறது. அதோடு, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு வரி, பெயர், வருடம், குன்னூர் என்று அச்சிட சுகாதாரத் துறைக்குத் தங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள் வையுங்கள். எடை எழுதும் கட்டத்துக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.