பண்ணவாடி நந்தியும் பெங்களூர் ஃபிளாட்டும்

சேலம், அம்மாப்பேட்டை

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. "வீட்டை வித்துட்டு எப்பய்யா பெங்களூருக்குப் பையன்கிட்டப் போற?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை.

பேத்தி ஒரு நாள் போனில் படித்துக் காட்டினாள். பசிபிக்கில் துவாலு என்று ஒரு நாடு. ஒன்பது தீவு, மொத்தமே பத்தாயிரத்துச் சொச்சம் ஜனம். நம்ம அம்மாப்பேட்டையிலேயே அதைவிட அதிகம். நிலம் கடலுக்கு மேலே சராசரியாக ஓர் ஆள் உயரம்தான், கடலோ ஏறிக்கொண்டே வருகிறது. ஆஸ்திரேலியா 2023-ல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, வருசத்துக்கு 280 பேருக்குத் தன் நாட்டில் குடியேற நிரந்தர விசா, ஆள் எடுப்பது குலுக்கலில் என்றது. 2025-ல் முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தோடு சேர்த்து 8,750 பேர் பதிந்தார்களாம். "ஊரே காலி தாத்தா" என்றாள். எனக்கு அப்படிப் படவில்லை. சீட்டில் பேர் போடுவது வேறு, மூட்டை கட்டுவது வேறு. அந்த விசாவில் போனவன் நினைத்தபோது ஊர் திரும்பலாம். அப்படியென்றால் பேர் கொடுத்து வைக்க யாருக்குத்தான் கசக்கும்?

வீட்டுக்குள் கடல் வரட்டும் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. புலாகா என்று சேப்பங்கிழங்கு ஜாதி ஒன்று. குழி வெட்டி, அடியில் ஊறும் நல்ல தண்ணீரில் வளர்ப்பார்கள். அதில் உப்பு ஏறிக் கிழங்கு அழுகுகிறது. குடிக்க மழைத் தண்ணீர்தான். அப்புறம் பிள்ளை படிப்பு, ஆஸ்பத்திரி, சம்பளம். பலர் கிளம்புவதற்கு இந்தப் படிப்பும் சம்பளமும்தான் முதல் காரணம், கடல் பின்னால்தான் வருகிறது. இருக்கிறேன் என்பவனுக்கு முற்றத்திலேயே அப்பன் பாட்டன் சமாதி.

பனாமாவில் கார்டி சுக்டுப் தீவிலிருந்து குனா பழங்குடி மக்கள் 2024-ல் கரைக்குக் குடிபோனார்கள், 300 வீடு. கடல் ஏறுவது ஒரு பக்கம். தீவில் கால் நீட்ட இடமில்லாத நெரிசல் இன்னொரு பக்கம். அப்படியும் சில குடும்பம் நகரவில்லை.

எங்கள் அப்பாயியைப் போகிறாயா இருக்கிறாயா என்று யாரும் கேட்கவே இல்லை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது, ஊர் முழுகியது. மாட்டு வண்டியில் அவள் ஏற்றி வந்தது தானிய மூட்டையும் ஓர் அம்மிக்கல்லும். அணை வற்றும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு அணைக்கரையில் இருக்கும் பண்ணவாடிக்கு பஸ் ஏறுவாள். வெடித்த சேற்றில் நின்று, முழுகிக் கிடந்து தண்ணீர் வடிந்ததும் தலை தூக்கி நிற்கும் நந்தியையும் பழைய சர்ச் கோபுரத்தையும் அடையாளம் வைத்து, "அதுக்கு இந்தாண்ட நம்ம களம்" என்று கை நீட்டுவாள். எனக்குச் சேறுதான் தெரியும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தைச் சுற்றி நடப்பதுபோல ஒரு வட்டம் வந்துவிட்டுத்தான் திரும்புவாள்.

பையன் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறான். உன் தங்கச்சி பெங்களூரில் பக்கத்தில் முருகன் கோயில் உண்டா என்று விசாரித்தாயிற்று. வித்துவிடு என்றால் எனக்குக் காலே எழவில்லை. பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள் என்றால் நாளைக்கே பஸ் ஏறுவேன். இதைப் பையனிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மியை ஃபிளாட்டில் எங்கே போடுவது என்று மட்டும் கேட்டேன், சிரித்தான்.

முன்வாசல் அறையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாடகைக்கு விடலாமா? உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது. குண்டு மாம்பழம் வரத்து ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு பெட்டி போட்டுவிடுகிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்.

உன்,
பழனிச்சாமி