கெட்டில் கைப்பிடி உடைந்து ஏற்பட்ட காயம்: உங்கள் மறுப்பை ஏற்க முடியாது

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின் கெட்டிலால் ஏற்பட்ட காயம் தொடர்பாக நீங்கள் அனுப்பிய மறுப்புக்குப் பதில்

ஐயா / அம்மையீர்,

உங்கள் கெட்டிலைத் தூக்கும்போது கைப்பிடி பிய்ந்து, கொதிநீர் கொட்டி என் அம்மாவின் கால் வெந்துபோனது. இன்னும் அவரால் செருப்புப் போட்டு நடக்க முடியவில்லை. உங்கள் பதில் கடிதத்தில் கைப்பிடி ஏன் உடைந்தது என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் ஏன் பொறுப்பாக மாட்டீர்கள் என்பதற்கான காரணங்கள் மட்டுமே இருக்கின்றன.

அளவுக்கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றியிருக்கலாம், அது தவறான பயன்பாடு என்கிறீர்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. சரி, ஒரு பேச்சுக்கு மேலேயே இருந்ததாக வைத்துக்கொள்வோம். அவசரத்தில் யாராவது ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றுவார்கள் என்பது கெட்டில் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? கெட்டிலை அடுப்பில் ஏற்றியிருந்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. யாரும் எதிர்பார்க்கக்கூடிய சிறு பிசகைக் காட்டித் தயாரிப்பாளர் முழுதாக விலகிக்கொள்ள நீதிமன்றங்கள் எளிதில் விடுவதில்லை.

நாங்கள் பிளக்கை மாற்றியதையும் காரணமாகச் சொல்கிறீர்கள். அந்த மாற்றத்தால் விபத்து நடந்திருந்தால்தானே அது வாதமாகும்? உடைந்தது கைப்பிடி.

அப்புறம், விதிப்படி தரச் சான்றிதழ் பெற்ற பொருள் என்பதால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறீர்கள். குறையுள்ள பொருளால் ஏற்படும் பாதிப்புக்குத் தயாரிப்பாளரின் பொறுப்பு பற்றி 1985-இல் ஐரோப்பா கொண்டுவந்த விதி, பொறுப்பிலிருந்து விலகத் தயாரிப்பாளர் சொல்லக்கூடிய சில காரணங்களை, அதாவது தற்காப்புகளை, தந்தது. ஆனால் அவற்றை நிரூபிக்கும் சுமையையும் தயாரிப்பாளர் மேலேயே வைத்தது. அரசின் கட்டாய விதியைப் பின்பற்றியதாலேயே குறை உண்டானது என்று காட்டினால்தான் 'விதிப்படி செய்தோம்' என்ற தற்காப்பு செல்லும். கைப்பிடியைத் திருகாணி இல்லாமல் ஒட்ட வேண்டும் என்று எந்த விதி உங்களைக் கட்டாயப்படுத்தியது?

தயாரித்த காலத்தில் இந்தக் குறையை யாரும் அறிந்திருக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதுதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. திரும்பத் திரும்பச் சூடுபட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடையும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். உங்கள் புதிய மாடலில் கைப்பிடியைத் திருகாணியால் முடுக்கியிருக்கிறீர்கள். எந்தப் புகார்களைப் பார்த்து அப்படி மாற்றினீர்கள்? பழைய மாடலை வாங்கியவர்களுக்கு ஏன் எச்சரிக்கை அனுப்பவில்லை?

வாரண்டி முடிந்தது உண்மை. அது பழுது பார்த்துத் தருவதற்கான உறுதி. உடம்பில் பட்ட காயத்துக்கான பொறுப்பு அதோடு முடிந்துவிடாது. வழக்குக்கான காலவரம்பு வேறு, வாரண்டிக் காலம் வேறு. மேலே சொன்ன ஐரோப்பிய விதியில் பாதிப்பும் குறையும் தயாரிப்பாளர் யார் என்பதும் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு அவகாசம் இருந்தது.

உடைந்த கெட்டில் உங்கள் சேவை மையத்தில் இருக்கிறது. அதைக் கழற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது. நாங்களும் ஏற்கும் ஒரு சோதனைக்கூடத்தில், எங்கள் தரப்பில் ஒருவர் இருக்கும்போது சோதித்து, அறிக்கையின் நகலைத் தாருங்கள். அம்மாவின் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இதே மாடலை வைத்திருப்பவர்களுக்கு உடனே எச்சரிக்கை அனுப்புங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மறுத்தால், இந்தக் கடிதத்தையும் உங்கள் பதிலையும் இணைத்து வழக்குத் தொடர்வேன்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்டவரின் மகள்

இணைப்பு: மருத்துவச் சான்று, ரசீது நகல், உடைந்த கைப்பிடியின் படங்கள்