விடையைப் பார்த்துவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே ஒரு குறுக்கெழுத்துக் குறிப்போடு அரை நாள் மல்லுக்கட்டுவதில் அப்படி என்ன சுகம், ‘விடை காட்டு’ பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்ததே என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

நீ போடுவது சாதாரணக் குறுக்கெழுத்து. ‘அரசன் (4)’, அதாவது நாலெழுத்தில் அரசன், என்றால் மன்னன், வேந்தன், காவலன் எல்லாமே பொருந்தும். எது சரி என்பதைக் குறுக்கே வரும் எழுத்துதான் சொல்லும். நான் போடுவது கிரிப்டிக், அதாவது பொருளை மறைத்துச் சொல்லும் குறுக்கெழுத்து. அதில் ஒவ்வொரு குறிப்பிலும் விடை இரண்டு தடவை ஒளிந்திருக்கும். ஒரு முனையில் அதன் நேர்ப்பொருள். மீதியில் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி, அல்லது அதன் இன்னொரு பொருள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதைத்தான் மறைத்து வைத்திருப்பார்கள்.

எளிதான ஒன்று: ‘வெற்றி பெற்றவர் கழுத்தில் விழும் பொழுது (2)’. பாதியில் நின்ற வாக்கியம் போல இருக்கிறதா? விழும்பொழுது என்ன ஆகும் என்று யோசித்தால் சிக்கினாய். ‘விழும்’ என்பதோடு ஒரு கோடு போடு. கழுத்தில் விழுவது மாலை, பொழுதும் மாலை.

இப்போது கொஞ்சம் கடினமானது: ‘கலைக்கு நடுவே கால் வைத்தால் வருத்தம் (3)’. கலை, கால் என்றதும் மனம் நேராக நடனத்துக்குப் போய்விடும். சலங்கை, தாளம், ஜதி என்று சுற்றிச் சுற்றி வரும். வருத்தம்தான் நேர்ப்பொருள் என்று பிடித்துவிட்டாலும் தப்பிக்க முடியாது. சோகம் மூன்றெழுத்து, வேதனையும் மூன்றெழுத்து. ஆனால் அவற்றில் கலை எங்கே, கால் எங்கே? நிரூபணம் இல்லாத விடையை எழுதக் கை வராது. பாதம், தாள், அடி என்று காலுக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் போட்டுப் பார்த்து, வெறுத்துப்போய், வேறு வேலைக்குப் போய்விடுவாய். அப்புறம் எதையோ செய்துகொண்டிருக்கும்போது சட்டென்று தோன்றும்: கால் என்பது உடம்பின் கால் இல்லை, நாலில் ஒரு பங்கு! பழைய தமிழ் எண் முறையில் காலுக்குக் குறி ‘வ’. ‘கலை’ நடுவே ‘வ’ வைத்தால் கவலை. அந்த நொடியில் நடனம் முழுவதும் மறைந்துபோகிறது. குறிப்பில் ஒரு சொல்கூட மாறவில்லை, நீ பார்க்கும் விதம் மட்டும் மாறிவிட்டது. எனக்கு இதற்கு இணையான மகிழ்ச்சி வாசிப்பில் அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதும் இல்லை. ஔவை பாடியதாகச் சொல்லப்படும் ‘எட்டேகால் லட்சணமே’ தனிப்பாடலை நினைத்துப் பார். எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’. அவலட்சணமே என்று திட்டுகிறார். எமன் ஏறும் பரி எருமை, கூரையில்லா வீடு குட்டிச்சுவர். வசையைக்கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்!

கட்டம் போட்ட புதிர் 1913 டிசம்பரில் ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழில் ஆர்தர் வின் தொடங்கி வைத்தது. அதில் குறிப்புகள் நேரடியானவை. ஏமாற்று வித்தை இங்கிலாந்தில் வளர்ந்தது. அங்கேயே அதற்கு ஒரு தர்மமும் உருவானது. புதிர் அமைப்பவர், தான் சொல்வதன் மேலோட்டமான பொருளை மனத்தில் கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் மனத்தில் கொண்டதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அஃப்ரித் என்ற புனைபெயரில் எழுதிய ரிச்சி 1949இல் வகுத்த விதி. எனக்கு இந்த ஆட்டத்தின் உயிரே இதுதான். எதிரில் இருப்பவர் உன்னை ஏமாற்றப் பார்க்கிறார், ஆனால் பொய் சொல்ல மாட்டார். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் அரை நாள் உட்கார முடிகிறது. நேர்மையில்லாத குறிப்புக்கு நான் ஐந்து நிமிடம்கூடத் தர மாட்டேன்.

முகம் தெரியாத இருவருக்குள் இது எவ்வளவு நெருக்கத்தை உண்டாக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ‘கார்டியன்’ நாளிதழில் அரவ்கேரியா என்ற பெயரில் நெடுங்காலம் புதிர் அமைத்தவர் ஜான் கிரஹாம். 2013 ஜனவரியில், 91 வயதில், தனக்குப் புற்றுநோய் என்பதை அந்த நாளிதழின் புதிர் வழியாகவே வாசகர்களுக்குச் சொன்னார். நோயின் பெயரும் சிகிச்சையும் கட்டங்களுக்குள் விடைகளாக இருந்தன. அத்தனை ஆண்டுகள் தன்னோடு ஆடியவர்களிடம் அவர் வேறு எப்படிச் சொல்லியிருப்பார்?

தமிழில் இன்னொரு சுவையும் உண்டு. நமக்கு 247 எழுத்துகள். புதிர் அமைப்பவருக்குக் குறுக்கும் நெடுக்கும் சொற்களைப் பொருத்துவது பெரும்பாடு. போடுபவருக்கோ அதுவே வரம். ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கையில் கிடைக்கும். ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில் புள்ளி எழுத்து வராது என்பதையும் மறந்துவிடாதே, அது பல தடவை காப்பாற்றும்.

சரி, பொத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அதை அழுத்தினால் ‘கவலை’ என்ற சொல் கிடைக்கும். அது உனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்தானே? தெரிந்த மூன்று எழுத்தைத் திரும்பப் பெறுவதற்கா இவ்வளவு பாடு? கால் என்பது காலாக இல்லாமல் போன அந்தத் திருப்பத்தைத்தான் பொத்தான் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு குறிப்பு ஒரே ஒரு தடவைதான் அதைத் தரும். முடியவில்லையா, மூடி வைத்துவிட்டுத் தூங்கு. மறுநாள் பார். இல்லையென்றால் என்னிடம் கேள், விடையைச் சொல்லாமல் எந்தச் சொல்லில் ஏமாறுகிறாய் என்று மட்டும் சொல்கிறேன்.

நானே கட்டிய ஒன்றை அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கவனமாகப் படித்திருந்தால் வேண்டியதெல்லாம் உன்னிடம் இருக்கிறது:

எட்டும் கப்பலின் அளவு (4)

அன்புடன்,
அக்கா