ஹீத்ரோவில் இறங்கி எந்த ரயில் ஏறுவது

அன்புள்ள பாப்பா,

லண்டன் போய்விட்டு பாரிஸ் வழியாகத் திரும்பப் போவதாக எழுதியிருந்தாய், படித்ததும் அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அதிலேயே "ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிஷம்தானாம், அதையே புக் பண்ணிடறேன்" என்று ஒரு வரி இருந்தது பார், அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறு.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து அந்த ரயிலுக்கு 15 நிமிஷம் என்பது உண்மைதான். ஆனால் அது லண்டனின் பாடிங்டன் ஸ்டேஷன் வரைக்கும். அதற்கு மேல் அந்த ரயில் ஒரு அடி நகராது. உன் ரூம் பாடிங்டன் பக்கமாக இருந்தால் சரி, இல்லையென்றால் பெட்டியை இழுத்துக்கொண்டு இன்னொரு ரயிலைத் தேடிப் போக வேண்டும், மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும், கட்டணமும் பெரும்பாலும் மற்ற ரயில்களைவிட அதிகம். ஷாங்காயில் இதைவிடப் பெரிய கூத்து. விமான நிலையத்திலிருந்து, காந்த விசையில் மிதந்து ஓடும் மாக்லெவ் ரயில் 30 கிலோமீட்டரை எட்டு நிமிஷத்தில் கடந்துவிடும், ஆனால் இறக்கிவிடும் லோங்யாங் ரோடு நகரத்தின் நடுப்பகுதியே இல்லை, அங்கிருந்து மறுபடி மெட்ரோ பிடிக்க வேண்டும். வேகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறினால் தப்பில்லை, சீக்கிரம் போய்ச் சேர என்று ஏறாதே.

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நீ படுக்கப்போகும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் என்ன ஸ்டேஷன் என்று பார். அங்கிருந்து பின்னோக்கி விமான நிலையம் வரை வா. மாறாமல், அல்லது ஒரே ஒரு தடவை மாறி வருகிற பாதைதான் உன்னுடையது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் விமானத்தில் வந்த உடம்புக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக ரயிலில் உட்கார்ந்திருப்பது கஷ்டமே இல்லை, தெரியாத ஸ்டேஷனில் பெட்டியோடு படி ஏறி இறங்குவதுதான் கஷ்டம்.

லண்டனில் அந்த எக்ஸ்பிரஸை விட்டால் உனக்கு இன்னும் இரண்டு ரயில்கள் இருக்கின்றன. 2022-இல் திறந்த எலிசபெத் லைன் பாடிங்டனோடு நிற்காமல் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, லிவர்பூல் ஸ்ட்ரீட் என்று நகரத்துக்குள்ளேயே ஊடுருவிப் போகிறது, அதன் ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்கும், பெரிய பெட்டி என்றால் இதுதான் என் ஓட்டு. பிக்கடிலி லைன் மெதுவாகத்தான் போகும், நடுநகரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள், ஆனால் மூன்றிலும் மலிவு, ஹீத்ரோவிலேயே கிளம்புவதால் உட்கார இடமும் கிடைக்கும். ரூம் ரஸ்ஸல் ஸ்கொயர், ஏர்ல்ஸ் கோர்ட் பக்கம் என்றால் யோசிக்காமல் இதில் ஏறு. வழியில் நிறைய ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது, அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்.

டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கவே வேண்டாம். கேட்டில் மஞ்சள் வட்டம் ஒன்று இருக்கும், அதில் பேங்க் கார்டைத் தட்டினால் போதும். கிளம்புவதற்கு முன்பே பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிக் கட்டும் வசதியையும் திறந்து வை. ஏறும்போது தட்டிய அதே கார்டைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும், உள்ளே போகக் கார்டு, வெளியே வர போன் என்று மாற்றினால் இரண்டும் ஒரே கணக்கில் இருந்தாலும் மெஷினுக்கு அவை வெவ்வேறு, இரண்டு முழுக் கட்டணம் விழும். சில ஸ்டேஷன்களில் கேட்டே இருக்காது, சுவரோரம் கம்பத்தில் மெஷின் மட்டும் நிற்கும், கூட்டத்தோடு நடந்துவிடாமல் அதைத் தேடித் தட்டு. ஒழுங்காகத் தட்டி வந்தால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்போடு பிடித்தம் நின்றுவிடும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், காசு வாங்க மாட்டார்கள்.

பாரிஸில்தான் இன்னும் கவனமாக இருக்கணும். லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயில் வந்து நிற்கிற கார் து நோர் ஸ்டேஷனிலிருந்தே ஆர்இஆர் பி என்கிற புறநகர் ரயில் சார்ல் து கோல் (Charles de Gaulle) விமான நிலையத்துக்குப் போகிறது. ஆனால் அதே நடைமேடையில் மிட்ரி-கிளே போகிற ரயிலும் வரும், பாதி வழி ஒன்றாகப் போய் ஓல்னே ஸ்டேஷன் தாண்டி அது வேறு பக்கம் பிரிந்துவிடும். தலைக்கு மேலே இருக்கிற பலகையில் விமான நிலையத்தின் பெயருக்கு எதிரே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறு. 2025-லிருந்து விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட், சாதாரண மெட்ரோ டிக்கெட் செல்லாது, வெளியே வரும்வரை அது கையிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அபராதம். கதவோரத்தில் நின்றுகொண்டு போனைப் பார்க்காதே, கதவு மூடுகிற நேரத்தில் பறித்துக்கொண்டு குதித்துவிடுவார்கள்.

அப்புறம், ராத்திரியிலும் சனி ஞாயிறிலும் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவது இரண்டு ஊரிலும் உண்டு. விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே அதைப் பார்த்துவிடு, உன் டெர்மினல் எண்ணையும் சேர்த்துப் பார், பாரிஸ் சார்ல் து கோலில் டெர்மினல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இறங்கும் ஸ்டேஷன் வேறு.

ரூம் எந்தத் தெருவில் என்று முடிவானதும் எழுது. வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகவே பாதை போட்டுவிடலாம்.

அன்புடன்,
அப்பா