மருந்து யன்னலடியில்தான் கவனம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கிலாந்து மறியலில் தாதி வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தாய். "கொலைகாரரோடு பிள்ளை தனிய நிற்கிறதோ?" என்று அம்மா பயப்படுகிறா என்றும் எழுதியிருந்தாய். தனிய நிற்க விடமாட்டார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லு. மிச்சத்தை நீ மட்டும் வாசி.

இங்கே மறியலுக்குள் வைத்தியம் 2006 முதல் என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவையின் பொறுப்பு. நாங்கள் சிறை உத்தியோகத்தர் இல்லை. ஆனால் திறப்புக்கொத்து எங்கள் இடுப்பிலும் சங்கிலியில் தொங்கும். போனை வாசலிலேயே வைத்துவிட வேண்டும், உள்ளே கொண்டுபோவது குற்றம். கழுத்தில் எதுவும் தொங்கக்கூடாது. தாலிக்கொடியும்தான் (இதை அம்மாவுக்குச் சொல்லாதே). கத்தரிக்கோல், ஊசி எல்லாம் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீண்டகாலத் தண்டனைக்காரர் அநேகமாக மரியாதையாகத்தான் கதைப்பார்கள். முதல் இரவு வந்து இறங்குகிறவர், குடியோ ஹெரோயினோ நின்றுபோய் நடுக்கமும் வியர்வையுமாக இருக்கிறவர், அவரோடுதான் நிதானம் வேண்டும். அதைவிடக் கவனம் தேவையான இடம், மருந்து கொடுக்கிற யன்னல்.

காலையில் வரிசை கட்டுவார்கள். ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் பச்சைத் தண்ணி மருந்து, பெரும்பாலும் 1 மி.லீ.யில் 1 மி.கி. எங்கள் முன்னாலேயே குடித்து, மேலால் தண்ணீர் குடித்து, வாய் திறந்து கதைத்துக் காட்ட வேண்டும். அதே தேவைக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் புப்ரெனோர்பின் குளிசை கரைய 5 முதல் 10 நிமிடம் எடுக்கும். அதற்குள் பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பார். குளிசையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு போய் விற்பதும் உண்டு. விற்கிறவர் எல்லாரும் ஆசையில் விற்பதில்லை. கடன் கொடுத்தவன் மிரட்டி வாங்குகிறான். வாயைப் பார்க்கிற தாதி அந்தக் கடனுக்கு நடுவில் நிற்கிறாள் என்பதை விளங்கிக்கொள். நரம்பு நோவுக்குக் கொடுக்கும் பிரெகபாலினும் கபாபென்டினும் 2019 ஏப்ரலில் கட்டுப்பாட்டு மருந்தான பிறகு, அவற்றைக் குறைப்பது பெரிய சண்டைக்குக் காரணம். குறைக்கிற செய்தியை மருந்து எழுதினவரே ஆறுதலாக இருத்திச் சொல்ல வேண்டும். யன்னலில் நிற்கிற தாதியின் வாயால் முதன்முதல் கேட்டால் கோபம் அவள் மேல்தான் பாயும். இந்த ஒழுங்கு இல்லாத மறியலில் வேலைக்குப் போகாதே. நேர்முகத்தில் இதைக் கேள்.

உத்தியோகத்தர் குறைந்த நாளில் அறைக்கதவுகள் பிந்தித் திறபடும், பல்வலிக்காரனின் முறை தவறும். பிழை யாரோவுடையது, ஏச்சு எங்களுக்கு. அடியைவிட ஏச்சும் மிரட்டலும்தான் கூட. "இதெல்லாம் வழமைதானே" என்று முறைப்பாட்டுப் படிவம் நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். படிவம் இல்லாவிட்டால் கூடுதல் ஊழியர் கேட்க ஆதாரமும் இல்லை. அவசர சேவை ஊழியரைத் தாக்குவதற்கென 2018இல் தனிச்சட்டம் வந்தது. அதன் உச்சத் தண்டனையை 2022இல் 1 வருடத்திலிருந்து 2 வருடமாகக் கூட்டினார்கள்.

வானொலிக் கருவியில் "கோட் புளூ" என்றால் மூச்சு அல்லது நினைவு பிரச்சினை, "கோட் ரெட்" என்றால் இரத்தம் அல்லது தீக்காயம். ஓடிப் போனாலும், உத்தியோகத்தர் பாதுகாப்பு என்று சொல்லும்வரை அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. ஸ்பைஸ் என்கிற போதைப்பொருளில் மயங்கிக் கிடப்பவன் திடீரென எழும்பி கை வீசுவான். முகத்துக்கு நேரே குனியாமல் பக்கவாட்டில் இருந்து பார். கிளினிக்கில் கதவுக்குக் கிட்டே உன் கதிரை, அவருடையது உள்ளே. அபாய மணி கைக்கு எட்ட வேண்டும்.

நீ நிற்கிற திருகோணமலை ஆஸ்பத்திரியிலும் கைவிலங்கோடு ஆட்களை வார்டுக்குக் கொண்டுவந்தால் இது உதவும். டிரெசிங் தட்டை அவருக்கு எட்டாத பக்கம் வை. விலங்கைக் கழட்டச் சொல்லுமுன் காவலர் எங்கே நிற்கிறார் என்று பார். அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தால் வரும்வரை பொறு.

இன்னொன்று. கடித்தாலோ இரத்தம் கண்ணில் தெறித்தாலோ உடனே தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் 72 மணித்தியாலத்துக்குள், கெதியாகத் தொடங்கினால் நல்லது. ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதம் என்று மூன்று முறை. உன்னுடைய அட்டை அலுமாரியின் கீழ் லாச்சியில் இருக்கலாம். மூன்றும் போட்டு முடிந்ததா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா