தட்டைத் தளம் வேண்டாம், கண்ணு

அம்மாபேட்டை,
சேலம்.

அன்பு மகளுக்கு,

சுவர் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டது, அடுத்த வாரம் கான்கிரீட் கொட்டச் சென்டரிங் பலகை அடிக்கிறார்கள் என்று நேற்று போனில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஏற்காட்டில் தட்டைத் தளம் போடாதே, கண்ணு. மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

நம் வீட்டுத் தளத்தை மனத்தில் வைத்துத்தான் நீயும் தட்டைத் தளம் கேட்கிறாய். தாத்தா காலத்து ஓட்டைப் பிரித்துவிட்டு 1994இல் கான்கிரீட் போட்டோம். தண்ணீர் வடிய மேஸ்திரி வாட்டம் சரியாக விடவில்லை. ஒரு மூலையில் மழைநீர் தேங்கித் தேங்கி, உள்ளே கம்பி துருவேறி, பூச்சு பெயர்ந்து தறிமேல் விழுந்தது. தறியில் இருந்த பாவு நூல் முழுவதும் வீணானதும் அம்மா அழுததும் உனக்கு நினைவிருக்கும். பிறகுதான் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி, அதன்மேல் தட்டை ஓடு பதித்தோம். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. பங்குனி தவறாமல் மேலே ஏறி வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன். அந்த வெள்ளையில் வெயில் பட்டுத் திரும்பிவிடும். அடிக்காத வருடம், பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் இரவு முழுவதும் நம்மேல் கக்கும்.

இதெல்லாம் வெயிலூருக்கான வைத்தியம். நீ இருப்பது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில். இங்கே மழை விட்டு வெயில் அடித்தால் தளம் சீக்கிரமே காய்ந்துவிடும். அங்கே மழை விட்டாலும் மூட்டம் விடாது. தளம் ஈரமாகவே கிடந்து பாசி பிடிக்கும். உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் இலைகள் குழாய் வாயை அடைத்துக்கொண்டால் ஒரே இரவில் தளம் குளமாகிவிடும். விழுந்த தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டுமானால் சரிவு வேண்டும். அங்குள்ள பழைய எஸ்டேட் பங்களாக்களின் கூரையைப் பார்.

மிளகும் காப்பிக்கொட்டையும் காயப்போட மாடி வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. நியாயமான தேவைதான். வாசலில் சிமெண்டுக் களம் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் ஓடு வேய்ந்தால் குரங்குகள் பெயர்த்துவிடும் என்பதும் உண்மை. தகரம் போட்டால் மழைச்சத்தத்தில் பேச்சே கேட்காது, குளிர் நாள்களில் அடிப்பக்கம் வியர்த்துப் படுக்கையில் சொட்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டை மலிவு என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அதன் தூசியைச் சுவாசித்தால் புற்றுநோய் வரும். குழந்தை வளரப்போகும் வீடு அது.

கான்கிரீட்டையே சாய்வாகப் போட்டு, அதன்மேல் மங்களூர் ஓட்டைக் கலவையில் பதித்துவிடுங்கள். குரங்கு பெயர்க்க முடியாது. பத்தடி அகலத்துக்கு ஐந்தரை அடியாவது ஏற்றம் இருக்கட்டும். சுவர் நனையாதபடி கூரையின் விளிம்பு, அதுதான் இறவாரம், இரண்டரை அடி வெளியே நீளட்டும். செலவு கூடும், தெரியும். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, தருகிறேன்.

மேஸ்திரி சாய்தளம் போட்டவரா என்று முதலில் கேள். கலவையில் தண்ணீர் கூடினால் வழிந்து இறங்கிவிடும். கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். இங்கே போல பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவும் முடியாது. சாக்கைப் போர்த்தி, அது காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூலியாள் மறந்தாலும் நீ மறக்காதே. முதல் இரண்டு வாரம் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வருகிறேன். அதுவரை ஒரு பலகைகூட அடிக்க வேண்டாம் என்று சொல்லிவை. குழந்தைக்கு அம்மா தட்டுவடை கொடுத்தனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா